ஐந்தாவது மத்தி

பரெய்ரோ படகுத்துறையில் பயணச்சீட்டு கிழிக்கும் கிராசியெத்
ஞாயிறு மதியம் ஒரு மீன் டப்பாவைத் திறந்தாள்.
எண்ணெயை வடித்தாள்.
கேக் மாவுக்கு வாங்கிய சமையலறைத் தராசில்
மத்திகளை வரிசையாகக் கிடத்தினாள்.
முகம் காட்டவில்லை. பின்னணி இசை இல்லை.
நகத்தில் பாதி உதிர்ந்த சிவப்புச் சாயம்,
எங்கோ சலவை இயந்திரத்தின் முனகல்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றாள்.
பிறகு வெறும் விரலால்
ஐந்தாவது மீன் படுத்திருந்த இடத்தைத் தொட்டாள்.
மொத்தம் பதினோரு நொடி.

நான் அந்த டப்பாவின் குரல்.
அதாவது, கம்பெனியின் கணக்கில் உட்கார்ந்து
'உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி' என்று எழுதுகிறவன்.
மத்தோசின்யோஸ், மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை,
மூடினால் என் வாடை.
பெயர் தெல்மு. அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

திங்கட்கிழமை நாலாயிரம் பேர்.
புதனன்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஸ்டியரிங் மேல் தராசு வைத்திருந்தார் ஒரு லாரிக்காரர்.
லியோனில் சுவர் பூசப் போனவன்
ஊரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து
'இங்கேயும் நாலுதான்' என்றான்.
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம்,
இல்லாத மீனை எண்ணெயில் மறைக்க முடியவில்லை.

'யார் இந்தப் பெண்?' என்று கேட்டார் இயக்குநர்.
'எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள்?'
போன வாரம் வரை முந்நூற்றுப் பன்னிரண்டு, என்றேன்.
பாதி சொந்தக்காரர்கள்.
அறையில் யாரும் சிரிக்கவில்லை.

யோசனை சொல்பவர்களுக்குக் கூலி கொடுத்தோம்.
பரிசு அனுப்புங்கள் என்றார்கள்.
ரிப்பன் கட்டி இருபத்துநான்கு டப்பா போனது.
அவள் இருபத்துநான்கையும் திறந்து நிறுத்தாள்.
எல்லாவற்றிலும் ஐந்து.
'மீனுக்கும் ஆள் பார்த்து நடக்கத் தெரிகிறது'
என்று மட்டும் சொன்னாள்.

அவ்வளவுதான்.
போட்டிக் கம்பெனி மூடி நிறைய 5 என்று அச்சடித்தது.
கடைக்காரர்கள் எங்கள் அலமாரி பக்கத்தில் தராசு வைத்தார்கள்.
பதினோராம் நாள் நாங்கள் பணிந்தோம்.
'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் கேட்டோம்.'
அந்த வரி என்னுடையது, போனஸ் கிடைத்தது.
விலையில் ஏறிய ஏழு சென்ட்
கீழே, எறும்பு எழுத்தில்.
ஐந்து மீன் வரைந்த பனியனை
யாரோ கல்லூரிப் பிள்ளைகள்தான் முதலில் போட்டார்கள்.
இப்போது நாங்களே விற்கிறோம், பதினெட்டு யூரோ.
எதிர்ப்பும் நல்ல பருத்தியில் கிடைக்கிறது.

நேற்று இரவு, கொண்டாட்டப் பதிவின் அடியில்,
இதயங்களுக்கும் கைதட்டல்களுக்கும் நடுவே ஒடெட் எழுதியிருந்தாள்.
கீழ்த் தளத்தில் மீன் அடுக்குகிறவள்,
மாடிப்படியிலிருந்து அவள் வெள்ளைத் தொப்பி தெரியும்.

'எங்கள் மேசையில் ஐந்து பேர் இருந்தோம்.
மார்ச்சிலிருந்து நான்கு பேர்.
மீன் திரும்பி வந்துவிட்டது, சந்தோஷம்.
ஃபெலிஸ்பேலா வரவில்லை.
இதை எந்தத் தராசில் வைப்பது?'

ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும், அது விதி.
என்னிடம் தயாராகப் பதினேழு பதில்கள் உண்டு.
ஒன்றும் பொருந்தவில்லை.
மறைத்துவிடு என்றொரு பொத்தானும் இருக்கிறது,
அது எதற்கும் பொருந்தும்.

காலையில் படிக்கட்டில் இறங்கினேன்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று
கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன்.
நான்கு தொப்பிகள் குனிந்திருந்தன.
ஐந்தாவது நாற்காலியின் மேல்
யாரோ கையுறைகளைக் காயப் போட்டிருந்தார்கள்.
நான் எதுவும் பேசவில்லை.
பதினோரு நொடி.

பதிவிடவா, என்று கேட்கிறது திரை.
வாடகை எட்டாம் தேதி.
இன்று ஆறு.